மூன்றாம் பக்கத்துக் கார்ட்டூன்

தம்பி,

திங்கட்கிழமை சாயங்காலம் தாம்பரம் ஸ்டேஷனில் உன் டெல்லி வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருந்தது. பெட்டிகளை சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு நீ மறுபடி பிளாட்பாரத்தில் இறங்கி வந்தாய். டீ குடிக்கலாமா என்று கேட்பாய் என நினைத்தேன். நீ கேட்டது வேறு. "அம்மா, ஆறு வருஷமா பேப்பர்ல வரையறேன். ஒரு படத்தப் பத்தியாவது நல்லா இருக்கு, நல்லா இல்லன்னு நீ சொன்னதே இல்ல. பார்ப்ப, மடிச்சு வெச்சிடுவ. ஏம்மா?" என்றாய். கோபமாகக் கேட்கவில்லை, ஊருக்குப் போகிறவன் கடைசியாக ஒன்றைக் கேட்டுவிட்டுப் போகிற மாதிரிதான் கேட்டாய். நான் "சார்ஜர் எடுத்து வெச்சியா?" என்று கேட்டேன். நீ சிரித்துவிட்டு ஏறிக்கொண்டாய். வண்டி போய்விட்டது.

அன்றிலிருந்து ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. காலையில் பேப்பர் வந்தால் எடுக்கிறேன், வைக்கிறேன், மறுபடி எடுக்கிறேன். பீர்க்கன்கரணை ஏரிக்கரையில் காலையில் ஒரு நடை போவேனே, இப்போது மதியமும் போகிறேன், சாயங்காலமும் போகிறேன். குக்கரில் அரிசி வைத்துவிட்டு அடுப்பைப் பற்ற வைக்காமல் அரை மணி நேரம் விசிலுக்குக் காத்திருந்தேன் என்றால் பார்த்துக்கொள். மூன்று தடவை இந்தக் கடிதத்தை ஆரம்பித்துக் கிழித்தேன். இதைப் போனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் உனக்கும் எனக்கும் நடுவில் முடிந்துவிடும். அப்படி முடிய வேண்டிய விஷயம் இல்லை இது. நான் கையெழுத்துப் போட்ட ஒரு பொய்க்காக ஒரு காலத்தில் பேப்பரில் வருத்தம் தெரிவித்தார்கள், ஊரே படித்தது. உண்மையும் பேப்பரிலேயே வரட்டும் என்று உன் பழைய ஞாயிறு மலர் ஆசிரியரிடம் கேட்டேன். எழுதிக் கொடுங்கள், போடுகிறேன் என்றார்.

உன் அப்பா போனபோது உனக்கு ஒன்பது வயது. அவர் வேலை பார்த்த நகராட்சி அலுவலகத்திலேயே கருணை அடிப்படையில் எனக்கு வேலை கிடைக்க இரண்டு வருடம் ஆனது. எந்த ஊர் அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை, உனக்குத் தெரியும். தபால் பிரிவில் இளநிலை உதவியாளர். ஊர்க்காரர்கள் கொண்டுவரும் மனுவை வாங்க வேண்டும், பதிவேட்டில் நம்பர் போட வேண்டும், உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. ஆனால் அந்த நம்பரில்தான் எல்லாமே இருக்கிறது. நம்பர் விழுந்த மனுவுக்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். நம்பர் விழாத மனு வெறும் காகிதம். இது எனக்கு முதல் மாதத்திலேயே தெரிந்துவிட்டது. தகுதிகாண் பருவம் முடியாமல் வேலை நிரந்தரம் இல்லை என்பதும், அதற்கு மேனேஜர் எழுதித் தர வேண்டும் என்பதும் அதே மாதத்தில் தெரிந்துவிட்டது.

அப்போதுதான் எஸ்தர் வந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள். காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டலில் கூட்டிப் பெருக்கும் வேலை. காலை ஷிப்ட் முடித்து, மதியம் வருவாள். அவள் தெருவில் புதிதாகப் போட்ட குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து வருகிறது என்று ஒரு மனு. ரூல் போட்ட நோட்டுத் தாளில் எழுதியிருந்தது. கையெழுத்து அச்சடித்த மாதிரி இருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் தன் மகள் ஜெனி எழுதியது என்றாள். கூடவே ஒரு பாட்டிலில் அந்தத் தண்ணீரையும் கொண்டு வந்திருந்தாள். "மோந்து பாரும்மா. இத்தத்தான் குடிச்சிகினு கீறோம்" என்று மேசைமேல் வைத்தாள். நான் மோந்து பார்க்கவில்லை. வைத்த இடத்திலிருந்தே நாற்றம் வந்தது.

மனுவை மேனேஜரிடம் காட்டினேன். அவர் நல்ல மாதிரியாகப் பேசுகிற மனிதர், யாரையும் அதட்ட மாட்டார். படித்துவிட்டு, "இது போன வருஷம் திறப்பு விழா பண்ண லைன்மா. நம்பர் போட்டா கவுன்சில் கூட்டத்துல வரும், எல்லாருக்கும் சங்கடம். கொஞ்ச நாள் உங்க டிராயர்லயே இருக்கட்டும்" என்றார். போகும்போது, "உங்க பிரொபேஷன் பேப்பரும் என் டேபிள்லதான் இருக்கு, பார்த்துடறேன்" என்றார். இரண்டையும் அவர் சேர்த்துச் சொல்லவில்லை. நான்தான் சேர்த்துக் கேட்டுக்கொண்டேன்.

எஸ்தர் மறு வாரம் வந்தாள். அதற்கு மறு வாரமும் வந்தாள். ஒவ்வொரு தடவையும் புது பாட்டில். "இன்னா ஆச்சும்மா நம்ம மனு?" என்று கேட்பாள். போயிருக்கிறது, பார்க்கிறார்கள், என்ஜினியர் லீவு என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். மூன்றாவது தடவை வரிசையில் பத்துப் பேர் நின்றார்கள், உனக்கு அன்று காய்ச்சல், ஸ்கூலிலிருந்து ஆயா போன் பண்ணியிருந்தாள். எஸ்தர் பாட்டிலை வைத்ததும் எனக்கு எரிச்சல் வந்தது. "என்ன எழுதியிருக்கீங்கன்னே புரியல. மனு தெளிவா இல்ல. தெளிவா எழுதிக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டேன். அந்த முத்து முத்தான எழுத்தைப் பார்த்து அப்படிச் சொன்னேன். அவள் பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து ஜெனி எழுதிய புது மனுவோடு வந்து நின்றாள். அதையும் வாங்கி டிராயரில் போட்டேன். இன்னும் ஒரு தடவையும் அப்படியே நடந்தது.

அடுத்த மாதம் ஒரு நாள் காலை பேப்பரில் மூன்றாம் பக்கத்தில் அந்தக் கார்ட்டூன் வந்தது. தினமும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் வரும் படம்தான். ஒரு அலுவலக மேசை. மேசைக்குப் பின்னால் ஒரு அம்மாள். கயிறு கட்டிய கண்ணாடி மூக்கில் நழுவி நிற்கிறது, தலையில் மல்லிகைப்பூ, பக்கத்தில் டிபன் பை. எதிரில் ஒரு ஏழைப் பெண் கன்னங்கரேலென்ற தண்ணீர் பாட்டிலைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். மேசைக்காரி மனுவைத் தள்ளிவிட்டுச் சொல்கிறாள்: "தெளிவா இல்லையே, தெளிவா கொண்டு வாங்க."

என் கண்ணாடியில் கயிறு உண்டு என்று உனக்குத் தெரியும். டிபன் பை உன் அப்பாவுடையது. காலை ஏழு மணிக்குச் சமையலறை வாசலில் அந்தப் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எஸ்தர்தான் போய்ப் பேப்பர்காரர்களிடம் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். அப்போது நீ பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாய். வாயெல்லாம் நுரையோடு சிரித்தாய். வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடிவந்து, "அம்மா, மனு தெளிவாத்தான் இருக்கு. தண்ணிதான் தெளிவா இல்ல. அதான் ஜோக்கு. புரியுதா?" என்று எனக்கு விளக்கினாய். "புரியுது" என்றேன். "இந்த அம்மா உன்ன மாதிரியே கண்ணாடி போட்டிருக்காங்க" என்றாய். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அதைக் கத்தரித்து உன் சமூக அறிவியல் நோட்டின் அட்டையில் ஒட்டியிருந்தாய். அந்த வாரம் முழுவதும் அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தாய். மூக்குதான் வரவில்லை என்று என்னையே பக்கவாட்டில் உட்காரச் சொன்னாய். நான் உட்கார்ந்தேன். நீ வரைந்த முதல் கார்ட்டூன் அதுதான் தம்பி. அதில் இருந்தது நான்தான்.

அலுவலகத்தில் வேறு மாதிரி நடந்தது. மேனேஜர் கவலைப்படுவார் என்று நினைத்தேன். அவர் தெம்பாக இருந்தார். பெண் ஊழியர்களைக் கூப்பிட்டு, "பூ வெச்சிருக்கறது தப்பா? கண்ணாடி போடறது தப்பா? வேலைக்குப் போற பொம்பளைங்கள இப்படிக் கேவலப்படுத்தலாமா?" என்றார். இரண்டு பக்கத்துக்கு ஒரு கண்டனக் கடிதம் தயாராக டைப் அடித்து வைத்திருந்தார். பெண் ஊழியர்களின் மாண்பு என்று தொடங்கியது. "நீங்கதாம்மா முதல்ல போடணும், சாட்சாத் உங்க சீட்டத்தான் வரைஞ்சிருக்கான்" என்று பேனாவை என் கையில் கொடுத்தார். எனக்கு அது வசதியாக இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். காலையிலிருந்து திருடியைப் போல உட்கார்ந்திருந்தவள் ஒரு நிமிடத்தில் பாதிக்கப்பட்டவளாகிவிட்டேன். முதல் கையெழுத்து என்னுடையது.

அந்தக் கடிதத்தை நேரில் கொடுக்க நாங்கள் மூன்று பேர் மின்சார ரயிலேறிப் போனோம். பத்திரிகை ஆபீசில் ஆசிரியர் எங்களை உட்காரவைத்து, வரைந்தவரையும் கூப்பிட்டார். அவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்திருந்தார், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே வந்தார். ஐம்பது வயது இருக்கும். கலாட்டாக்காரராக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். பாங்கில் பாஸ்புத்தகம் எழுதுகிறவர் மாதிரி இருந்தார்.

"எங்க ஆபீசுக்கு எப்ப வந்தீங்க?" என்று கேட்டேன்.

"உங்க ஊருக்கே நான் வந்ததில்லம்மா."

"அப்ப அந்த வார்த்தை? தெளிவா கொண்டு வாங்கன்னு?"

"அதுவா? எங்க அப்பா தவறினப்ப வாரிசு சர்ட்டிபிகேட்டுக்கு அலைஞ்சேன். அங்க சொன்னாங்க. கரண்ட் ஆபீஸ்லயும் சொன்னாங்க. எங்க போனாலும் அதத்தானம்மா சொல்றாங்க."

"கண்ணாடி, பூவெல்லாம்?"

"எல்லா ஆபீஸ்லயும் அப்படி ஒருத்தங்க இருக்காங்களே" என்றார். என்னைப் பார்த்துவிட்டு அவருக்கே ஏதோ புரிந்திருக்க வேண்டும். கண்ணைத் தாழ்த்திக்கொண்டு கண்டனக் கடிதத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். பிறகு தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். "ரெண்டு பக்கம் எழுதியிருக்கீங்க. தண்ணியப் பத்தி ஒரு வரி இல்லியேம்மா" என்றார். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. நிஜமாகவே தேடியிருக்கிறார்.

நாங்கள் மூன்று பேரும் எழுந்து வந்தோம். திரும்பும் ரயிலில் மற்ற இருவரும் நல்லா கேட்டோம் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். நான் கதவோரம் நின்றுகொண்டேன். இரண்டாம் நாள் அதே மூன்றாம் பக்கத்தில் பெண் ஊழியர்கள் மனம் புண்பட்டிருந்தால் வருந்துகிறோம் என்று நாலு வரி வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கட்டம் வரவில்லை. அவர் வேலையை விட்டாரா, விடவைத்தார்களா, வேறு பேப்பருக்குப் போனாரா, எனக்குத் தெரியாது. விசாரிக்கும் தைரியம் அன்றும் இல்லை, பிறகும் வரவில்லை. நீதான் தினமும் பக்கத்தைத் திருப்பித் திருப்பி, "ஏம்மா அது வரல?" என்று கேட்டாய். வராத நாளில் நீயே நோட்டில் கட்டம் போட்டு வரைய ஆரம்பித்தாய். ஒரு மனிதரின் இடத்தைக் காலியாக்கியதில் எனக்கும் பங்கு உண்டு, அந்தக் காலி இடத்தைப் பார்த்துத்தான் என் பிள்ளை வரையக் கற்றுக்கொண்டான். இதை வைத்துக்கொண்டு நான் உன் படத்தை எப்படி நல்லா இருக்கு என்பேன்?

அடுத்த திங்கட்கிழமை டிராயரைத் திறந்து எஸ்தரின் மூன்று மனுக்களுக்கும் நம்பர் போட்டேன். கையெழுத்தெல்லாம் ஒரே கையெழுத்து. கடைசி மனுவில் மட்டும் எழுத்து கொஞ்சம் சரிந்திருந்தது. நேரே ஆணையர் மேசைக்குப் போகும் தபால் கட்டில் வைத்தேன். மேனேஜர் மதியம் கூப்பிட்டார். "யாரக் கேட்டு நம்பர் போட்டீங்க?" என்றார். "நம்பர் போடறதுதான சார் என் வேலை" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை, வீராங்கனை மாதிரி எல்லாம் சொல்லவில்லை. அந்த வாரமே என்னைப் பழைய கோப்பறைக்கு மாற்றினார்கள். தகுதிகாண் பருவம் முடிய இன்னொரு வருடம் பிடித்தது. நீ கேட்டபோது அந்த அறையில் ஃபேன் காற்று நன்றாக வருகிறது, அதனால்தான் மாறினேன் என்றேன்.

குழாயைத் தோண்டிச் சரிசெய்ய மேலும் இரண்டு மாதம் ஆனது. அதற்குள் அந்தத் தெருவில் மஞ்சள் காமாலை வந்துவிட்டது. ஜெனிக்கும் வந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பப்ளிக் பரீட்சை எழுதும் நேரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அந்தச் சரிந்த எழுத்து அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போக ஆரம்பித்த நாட்களில் எழுதியது என்று பிறகு கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டேன்.

நான் எஸ்தர் வீட்டுக்குப் போனேன். கையில் ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனேன், நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். மனு என் டிராயரில்தான் இருந்தது, எங்கேயும் போகவில்லை, எழுத்து தெளிவாகத்தான் இருந்தது என்று சொன்னேன். மேனேஜர் சொன்னதையும் சொன்னேன், என் வேலை போய்விடும் என்று பயந்ததையும் சொன்னேன். அவள் திட்டுவாள், இல்லாவிட்டால் விடும்மா என்பாள் என்று இரண்டுக்கும் தயாராக இருந்தேன்.

"உனுக்கு வேலை போயிடும்னு பயம். அது செரி, எனுக்கும் புரியுது" என்றாள். "ஆனா நீ ஒரு நாளு சொல்லியிருக்கலாமேம்மா. எஸ்தரு, இங்க ஆவாது, வேற எங்கனா போன்னு. நான் போயிருப்பேன். கலெக்டராண்ட போயிருப்பேன். இல்லாங்காட்டி என் அக்கா வூட்ல பொண்ண வுட்டுட்டு வந்திருப்பேன். நீ நாளிக்கு வா, நாளிக்கு வான்னியே, நானும் நம்பிகினு வந்துகினு இருந்தனே." பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. உள்ளே போய்விட்டாள். மனுவைப் பூட்டி வைத்ததைவிடப் பெரிய தப்பு, அவளை நம்பவைத்துக் காத்திருக்கச் செய்தது என்று அந்த வாசலில்தான் எனக்கு உறைத்தது. ஜெனி மறு வருடம் பரீட்சை எழுதினாள், நர்சிங் படித்தாள் என்று கேள்விப்பட்டேன். அது எனக்கு ஆறுதல் இல்லை. அவளே எழுந்து நடந்தாள், அதில் என் பங்கு எதுவும் இல்லை.

இப்போது போன மழைக்கு வருகிறேன். என்னை நாலு நாளாக வீட்டுக்கும் ஏரிக்கரைக்குமாக நடக்க வைத்தது இதுதான். ஊரெல்லாம் ஒரு வீடியோ சுற்றியதே, ஒரு புறநகர் அலுவலகத்தின் வெள்ள உதவி மையத்தில் ஒரு பெண் காலைத் தூக்கி ஸ்டூல்மேல் வைத்துக்கொண்டு போனைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், வெளியே ஜனங்கள் கத்திக்கொண்டிருப்பார்கள். நீ அதை வரைந்தாய். அவளுடைய வளையக் கம்மலும் கழுத்தைச் சுற்றிய ஷாலும் அச்சு அசலாக இருந்தன. கவுன்டருக்கு எதிரே கழுத்தளவுத் தண்ணீரில் ஜனங்கள் டோக்கனைத் தூக்கிப் பிடித்து நிற்கிறார்கள். அவள் சொல்கிறாள்: "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, டவர் கிடைக்கல." நான் வாய்விட்டுச் சிரித்தேன். அடுத்த அறையில் நீ தூங்கிக்கொண்டிருந்தாய், கேட்டிருக்காது. அந்தப் படத்தை எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று உனக்குத் தெரியும். அதைப் பார்த்துத்தான் டெல்லிப் பத்திரிகையிலிருந்து உன்னை வேலைக்குக் கூப்பிட்டார்கள்.

அவர்கள் கூப்பிட்ட அதே வாரம் நம் தெருமுனையில் இட்லி மாவு விற்கும் அக்கா என்னிடம் சொன்னாள், அந்தப் பெண் தன் தங்கை மகள் என்று. ஒப்பந்தத்தில் எடுத்த ஆள், நிரந்தரம் இல்லை. கார்ட்டூன் வந்த மூன்றாம் நாள் நிறுத்திவிட்டார்கள். "யார் வரைஞ்சான்னே தெரில. அவன் நல்லா இருக்கட்டும்" என்றாள். நான் மாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவளிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை. நீ அப்போது சந்தோஷமாக இருந்தாய். டெல்லிக்கு ஸ்வெட்டர் வாங்கிக்கொண்டிருந்தாய். இன்னொரு மனுவை இன்னொரு டிராயரில் போட்ட மாதிரி, அதையும் உள்ளே போட்டு மூடினேன். பிளாட்பாரத்தில் நீ ஏன் என்று கேட்டபோது சார்ஜரைப் பற்றிக் கேட்டேன் பார், அதற்கு இதுதான் காரணம்.

நேற்று மாவு அக்காவிடம் உண்மையைச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு ஒரு துண்டுத் தாளில் விலாசம் எழுதிக் கொடுத்தாள். ஷேர் ஆட்டோ பிடித்து இரும்புலியூர் போனேன். அந்தப் பெண் இப்போது ஜி.எஸ்.டி ரோடை ஒட்டிய ஒரு ஜெராக்ஸ் கடையில் இருக்கிறாள். பேர் போட வேண்டாம் என்றாள், போடவில்லை. இருபத்தைந்து வயது இருக்கும். "இன்னா ஆன்ட்டி, ஜெராக்ஸா?" என்றாள்.

"இல்லம்மா. மழையில உன்ன ஒரு கார்ட்டூன் போட்டாங்களே. அத வரைஞ்சவனோட அம்மா நான்."

மெஷினை நிறுத்தினாள். "அதுக்கு இப்போ இன்னா?" என்றாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தேன்."

"நீ ஏன் கேக்கற? நீயா வரைஞ்ச?" என்று கேட்டுவிட்டு மெஷினை மறுபடி ஓடவிட்டாள். ஒருவர் ஆதார் அட்டையோடு வந்தார், அவருக்கு எடுத்துக் கொடுத்தாள். நான் ஓரமாக நின்றேன். போகச் சொன்னால் போய்விடலாம் என்றுதான் நின்றேன். அவள் போகச் சொல்லவில்லை.

கடை காலியானதும் அவளே பேசினாள். "நான் படமா பாத்துகினு இருந்தேன்? ஆபீஸ்ல தண்ணி பூந்து கம்ப்யூட்டர்லாம் ஆஃப். வர்ற ஜனங்களோட கம்ப்ளைன்ட்ட என் சொந்தப் போன்லதான் ஒண்ணொண்ணா டைப் பண்ணி என்ஜினியருங்க குரூப்ல போட்டுகினு இருந்தேன். காலைலேர்ந்து. காலு ஏன் மேல வெச்சிருந்தேன்னு தெரியுமா? கீழ முழங்கால் தண்ணி. வீடியோ எடுத்தவன் டேபிளுக்குக் கீழ எடுக்கல." போனைத் திறந்து எனக்குக் காட்டினாள். தெருப் பெயர், வீட்டு எண், வயதானவர் இருக்கிறார், குழந்தை இருக்கிறது, கரண்ட் கம்பி தண்ணீரில் கிடக்கிறது என்று வரிசையாகச் செய்திகள். தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொன்றிலும் இரண்டு நீலக் குறி. "எல்லாரும் படிச்சிட்டாங்க ஆன்ட்டி. ஒருத்தரும் பதில் போடல. வேலை போனது எனுக்குத்தான்."

போனை மூடிவிட்டுச் சொன்னாள்: "உங்க புள்ள வரையறது நல்லாத்தான் கீது. மொதல்ல பாத்துட்டு நானே சிரிச்சேன். அப்பறம்தான் கம்மலப் பாத்தேன்."

தம்பி, நீ கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். உன் படங்கள் நல்லா இருக்கின்றன. ஸ்கூல் நோட்டில் வரைந்த நாளிலிருந்தே நல்லா இருக்கின்றன. ரோட்டுப் பள்ளத்தையும் குப்பை மேட்டையும் நீ வரைந்த மறுநாள் அதிகாரிகள் ஓடிவந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த மூன்றாம் பக்கத்துக் கட்டம் மட்டும் வந்திருக்காவிட்டால் எஸ்தரின் மனு இன்றைக்கும் என் டிராயரில்தான் இருக்கும். அது என் மேல் பட்டது நியாயம். நான் செய்தது தப்பு, யார் பின்னால் இருந்து சொன்னாலும் மனுவை உள்ளே போட்டது என் கை. ஆனால் அந்தப் படத்தில் மேனேஜர் இல்லை, குழாய் போட்டவர் இல்லை, திறப்பு விழாவில் மாலை வாங்கியவர் இல்லை. வரிசையில் நிற்பவருக்கு முதலில் கண்ணில் படுவது கவுன்டரில் இருப்பவள்தான். வரைகிறவனும் அங்கேயே நின்றுவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்குச் சௌகரியம். என் மேனேஜர் ஏன் அன்று அவ்வளவு தெம்பாக இருந்தார் என்று இப்போது புரிகிறது. அந்தக் கட்டத்துக்குள் அவர் இல்லை.

யாராவது வந்து மிரட்டினால், நோட்டீஸ் அனுப்பினால், மனம் புண்பட்டது என்று இரண்டு பக்கம் டைப் அடித்துக்கொண்டு வந்தால், பயப்படாதே. அதில் தண்ணீரைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பார். இல்லையென்றால் தூக்கிப் போடு. ஆனால் நீ தப்பாக வரைந்துவிட்டாய் என்று தெரிந்தால் ஆசிரியரைக் கேட்காதே, வக்கீலைக் கேட்காதே, அன்றைக்கே போய்ச் சொல். நான் சொல்லாமல் வைத்திருந்தவை ஒவ்வொன்றும் வேறு யாரோ ஒருவர் வீட்டில் போய் விழுந்திருக்கின்றன.

அவளுடைய எண்ணை உன் போனுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். கொடுக்கலாமா என்று கேட்டுத்தான் வாங்கினேன். "பேசச் சொல்லு, அன்னிக்கு இன்னா நடந்துச்சுன்னு நானே சொல்றேன்" என்றாள். மதியம் இரண்டிலிருந்து இரண்டரை வரை கடையில் கூட்டம் இருக்காது, அப்போதுதான் சாப்பிடுவாள். இரண்டேகால் வாக்கில் கூப்பிடு. நீ யார் என்று முதலிலேயே சொல்லிவிடு. அவள் பேசி முடிக்கும்வரை பென்சிலைக் கையில் எடுக்காதே.

அம்மா